பரிசு போதாது, பாடமும் வேண்டும்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பொதுத் தேர்வு முடிவுகள் வெளியானதும் மாவட்டங்களின் தேர்ச்சி சதவீதப் பட்டியல்தான் முதலில் கண்ணில் படுகிறது. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய அரசுப் பள்ளிகளுக்குப் பாராட்டு. சரிவைச் சந்தித்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு ஆய்வுக் கூட்டம். எந்தப் பிள்ளையும் பாதியில் நின்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த அளவுகோல் இது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் வந்த தலைமுறைகளைக் கரையேற்றியதில் இந்த அக்கறைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால், இந்த அளவுகோலில் ஒரு வகைப் பிள்ளைகள் அகப்படுவதே இல்லை. ஜூன் மாதம் புதிய பாடநூல் கைக்கு வந்த இரண்டு வாரத்தில் அதை முழுவதும் படித்து முடித்துவிடுகிற பிள்ளைகள், ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிற பிள்ளைகள், பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டு வகுப்பை நிறுத்திவைக்கிற பிள்ளைகள். அவர்கள் எப்படியும் தேறிவிடுவார்கள். ஆகவே, அவர்கள் அந்த ஆண்டில் புதிதாக என்ன கற்றார்கள் என்ற கேள்வியை எந்த ஆய்வுக் கூட்டமும் எழுப்புவதில்லை.

நம் ஆசிரியர்களின் பேச்சில் 'மெல்லக் கற்போர்' என்றும் 'மீத்திறன் மாணவர்' என்றும் இரண்டு பிரிவுகள் வெகுகாலமாகப் புழங்குகின்றன. மெல்லக் கற்போருக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு இருக்கிறது. குறைந்தபட்சப் பாடப்பொருளைத் தொகுத்த கையேடு இருக்கிறது. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்காக 2025-இல் தமிழக அரசு தொடங்கிய 'திறன்' திட்டம் இருக்கிறது. இவை அனைத்தும் தேவையானவை; இன்னும் வலுவாக நடக்க வேண்டியவை. மீத்திறன் மாணவருக்கு என்ன இருக்கிறது? பெரும்பாலான வகுப்பறைகளில் அவர்களைக் குழுத் தலைவராக்கி மற்றவர்களின் ஏட்டைத் திருத்த வைப்பார்கள்; வினாடி வினாப் போட்டிக்கு அனுப்புவார்கள்; ஆண்டு விழாவில் கோப்பை கொடுப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு பாடம் எங்கும் எழுதப்படவில்லை. திறமையைக் கண்டெடுத்துப் பரிசளித்துவிட்டால் அதை வளர்த்துவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு உரியது, அவர்கள் நிலைக்கேற்ற பாடம். அதுவும் அன்றாடம், அவரவர் பள்ளியிலேயே. அதைத் தராமல் விடுவதால் மிகுதியாக இழப்பவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இப்போதுள்ள திட்டங்களைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மத்திய அரசு 2008-இல் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வை 8-ஆம் வகுப்பு மாணவர்கள் எழுதுகிறார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. தமிழக அரசின் ஊரகத் திறனாய்வுத் தேர்வை 9-ஆம் வகுப்பில் எழுதலாம். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆண்டுக்கு 1,000 ரூபாய் பெறுகிறார்கள். 2023-இல் அறிமுகமான முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் அரசுப் பள்ளி மாணவர்கள் 1,000 பேர், இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுகிறார்கள். 1963-இல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வோ 2021 மார்ச் மாதத்துக்குப் பிறகு நீட்டிக்கப்படாமல் நின்றுபோயிற்று. இவற்றுக்குப் பொதுவான இயல்புகள் மூன்று: பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதை எட்டிய பிறகே இவை கதவைத் திறக்கின்றன; ஓரிரு நாள் எழுத்துத் தேர்வையே நம்புகின்றன; முடிவில் பணத்தைத் தருகின்றன. அந்தப் பணம் படிப்பு நின்றுபோகாமல் காக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய துணை. ஆனால், தேர்வில் வென்ற மறுநாள் அந்த மாணவி அதே வகுப்பில், ஏற்கெனவே தெரிந்த அதே பாடத்தைத்தான் மீண்டும் கேட்கிறாள். அவளுடைய வங்கிக் கணக்கில் மாற்றம் வந்திருக்கிறது. வகுப்பறையில் எந்த மாற்றமும் வரவில்லை.

இந்தப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் முன்னே இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் கருவியும் நம்மிடம் இல்லை. 2025 பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் அறிவியலில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால், அந்தப் பத்தாயிரம் பேரில் பாடநூலை வரிவிடாமல் மனப்பாடம் செய்தவர் யார், பாடநூலைத் தாண்டிப் போய்விட்டவர் யார் என்பதை அந்த வினாத்தாளால் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971-இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, இந்தச் சிக்கலிலிருந்துதான் புறப்பட்டது. வகுப்புத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு, கல்லூரியில் சேர விரும்பும் 17 வயதினருக்கான கணிதத் தேர்வை அவர் கொடுத்துப் பார்த்தார். வகுப்பில் ஒரே மதிப்பெண் பெற்றுச் சமமாகத் தெரிந்தவர்களிடையே அந்தத் தேர்வில் பெரும் வேறுபாடு வெளிப்பட்டது. சிலர் கல்லூரிப் படிப்புக்கே தயாராக இருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்ய, அவரது வகுப்புக்கு மேற்பட்ட கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஆய்வு தந்த எளிய பாடம்.

தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளைக்கு என்ன ஆகிறது? முதலில் முயற்சி என்ற பழக்கம் வளர்வதில்லை. எளிதில் விடை வராத கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டுவது, தவறான வழியில் போய்த் திரும்புவது, பிறரிடம் கேட்டுத் தெளிவது ஆகியவை பயிற்சியால் மட்டுமே வருபவை. எல்லாக் கணக்கும் எளிதாகவே இருந்த பிள்ளை, இந்தப் பயிற்சி இல்லாமலேயே பள்ளியை முடிக்கிறது. பிறகு நல்ல கல்லூரியில் முதல் பருவத்திலேயே தடுமாறும்போது, தனக்குத் திறமையே இல்லை என்று எண்ணிவிடுகிறது. இன்னும் சிலரிடம் சலிப்பு குறும்பாக மாறுகிறது. 'வாயாடி', 'அடங்காதவன்' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. பெண் பிள்ளைகள் பலர் வேறு வழியைத் தேர்கிறார்கள்: தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுவது. எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளிலும் கூர்மையான சிந்தனை உடையவர்கள் உண்டு. அவர்களுடைய குறை திறமையை மறைக்கிறது. திறமை குறையை மறைக்கிறது. பார்ப்பவருக்கு அவர்கள் சராசரி மாணவர்களாகவே தெரிவதால் இரண்டு வகை உதவியும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

வசதியுள்ள வீட்டில் இந்தக் குறையைப் பெற்றோர் வெளியிலிருந்து ஈடுசெய்துவிடுகிறார்கள். ஒலிம்பியாட் பயிற்சி, கோடைக்கால முகாம், வீடு நிறையப் புத்தகம், அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பாவோடு இணையவழி உரையாடல் என்று பள்ளி தராததை அவர்களால் விலைக்கு வாங்க முடிகிறது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோருடைய மகளுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் வழி. அந்த வழியும் வகுப்புப் பாடத்தோடு முடிந்துவிட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை. அமெரிக்காவில் ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள், காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பாளர்கள் எத்தகைய குடும்பங்களிலிருந்து வந்தார்கள் என்று ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிக உயர்ந்த ஒரு சதவீத வருமானக் குடும்பங்களில் பிறந்தவர்கள் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, வருமானத்தில் கீழ்ப்பாதியில் பிறந்தவர்களுக்கு இருப்பதைவிடப் பத்து மடங்கு. மூன்றாம் வகுப்புக் கணிதத் தேர்வில் ஒரே அளவு உயர் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை ஒப்பிட்டபோதும் ஏழைப் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். திறமை இருந்தும் அதன் வழியில் செல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. பள்ளி மீத்திறன் பிள்ளைகளுக்கென்று எதுவும் செய்யாமல் இருப்பது நடுநிலைபோலத் தோன்றலாம். உண்மையில் அது பணம் உள்ளவர் பக்கம் சாய்ந்த நிலை.

இங்கே முதல் எதிர்ப்பு எழும். சமத்துவத்தைப் போராடிப் பெற்ற மண்ணில், பிள்ளைகளைத் திறமையின் பேரால் பிரிப்பது பழைய பாகுபாட்டைப் புதிய பெயரில் கொண்டுவராதா? இந்த அச்சம் நியாயமானது. திறமையை அளப்பதாகச் சொன்ன பல முயற்சிகள் குடும்பச் சூழலையும் சாதியையும் மொழியையுமே அளந்திருக்கின்றன. 1921-இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் அறிவுத்திறன் சோதனை மூலம் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். பள்ளிகளில் பெரும்பாலும் ஆசிரியர்கள் யாரைப் பரிந்துரைத்தார்களோ அவர்களே சோதிக்கப்பட்டார்கள். அந்தச் சோதனையில் தகுதி பெறாமல் விலக்கப்பட்ட சிறுவர்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரஸும் பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். எல்லா முளையும் ஒரே பருவத்தில், ஒரே விதமாகத் தெரிவதில்லை. ஒரே சோதனை, ஒரே வயது, ஆசிரியரின் கண் என்ற இந்த மூன்றை மட்டும் நம்பினால் தவறு நேரும் என்பதற்கு டெர்மனின் ஆய்வு நிலையான சான்று.

ஆனால், தேடும் முறை தவறாக இருந்தால் முறையைத் திருத்த வேண்டும். தேடுவதையே விட்டுவிடக் கூடாது. ஃபுளோரிடாவின் பிராவர்ட் மாவட்டப் பள்ளிகளில் நடந்த மாற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்த பிள்ளைகளையே முன்பு மீத்திறன் வகுப்புக்குச் சோதித்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதில் நிறைந்திருந்தார்கள். 2005-இல் இரண்டாம் வகுப்பில் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும், மொழியறிவைச் சாராத ஒரு சோதனையைப் பொதுவாக வைத்தார்கள். பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதன் விளைவை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள்: மீத்திறன் வகுப்பில் இடம்பெற்ற பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளின் விகிதம் 180 சதவீதம் உயர்ந்தது, கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 சதவீதமும், ஹிஸ்பானியப் பிள்ளைகளின் விகிதம் 130 சதவீதமும் உயர்ந்தன. அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்பும் அதே வகுப்புகளில்தான் இருந்தார்கள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. பின்னர் நிதி நெருக்கடியில் பொதுச் சோதனையைக் கைவிட்டபோது கிடைத்த முன்னேற்றம் பழைய நிலைக்கே சரிந்தது. தேடல் எல்லாரையும் தொடும்போது சமூகநீதிக்கு அது துணை நிற்கிறது. பரிந்துரைக்கு விடும்போதுதான் பாகுபாடு நுழைகிறது.

தமிழகம் இந்தத் தத்துவத்தை வேறொரு கட்டத்தில் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, திறமை எங்கும் உண்டு, வாய்ப்பு எங்கும் இல்லை என்ற உண்மையின் மீது கட்டப்பட்டது. அது 12-ஆம் வகுப்பின் முடிவில் திறக்கும் கதவு. அந்தக் கதவை எட்டும் வலுவை 3-ஆம் வகுப்பிலிருந்தே தருவது அதே நீதியின் முற்பகுதி. ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒவ்வொரு மாவட்டத்துக்கும், இருபாலருக்கும் சம இடம் ஒதுக்குவதிலும் ஒரு நல்ல விதை இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே வெட்டுப்புள்ளி வைத்தால் நகரத்துப் பள்ளிகளே நிறையும். ஒவ்வொரு பள்ளியிலும் முன்னே நிற்கும் பத்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு அந்தப் பள்ளியிலேயே கூடுதல் பாடம் தருவது என்று வைத்தால், மலைக் கிராமத்துப் பள்ளியும் மீனவர் குப்பத்துப் பள்ளியும் தாமாக உள்ளே வந்துவிடும்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடப் பரவலானது. உண்மையான திறமை யாருடைய உதவியும் இல்லாமல் மேலே வரும், ராமானுஜன் வரவில்லையா என்பார்கள். ராமானுஜனின் வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால் அது இந்த வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் வாங்கியவர் அவர். 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தோற்றதால் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி பெற முடியவில்லை. கல்வி நிலையங்கள் அவருக்குப் பரிசு கொடுத்தன, பிறகு தோல்விச் சான்று கொடுத்தன. அவர் நிலைக்கேற்ற கணிதத்தைக் கற்பிக்கவில்லை. அவரைக் காப்பாற்றியவர்கள் தனி மனிதர்கள்: இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயர், மாதந்தோறும் பணம் கொடுத்து ஆதரித்த நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவ், சென்னைத் துறைமுகக் கழகத்தில் நாராயண ஐயர், சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கடைசியாகக் கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டி. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக ஒரு தமிழர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க மாட்டார். தப்பித்து மேலே வந்த ஒருவரை நாம் எண்ணுகிறோம். அப்படிப்பட்ட துணை கிடைக்காமல் மறைந்தவர்களை எண்ண யாராலும் முடியாது.

நல்ல துணை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன், முதல் கிராண்ட்மாஸ்டர் விஸ்வநாதன் ஆனந்த், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ் ஆகியோர் தமிழ்நாட்டுச் சதுரங்கத்தில் வளர்ந்தவர்கள். நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஒரு மாநிலத்தவர்கள். சதுரங்கத்தில் வயதைக் கேட்டு யாரையும் நிறுத்திவைப்பதில்லை. எட்டு வயதுச் சிறுமியின் தரப்புள்ளி உயர்ந்தால் அவள் நாற்பது வயதுக்காரரோடு அமர்ந்து ஆடுகிறாள். தோற்றால் ஏன் தோற்றோம் என்று அன்று மாலையே பயிற்சியாளரோடு ஆராய்கிறாள். அவளைவிட வலுவானவர் எப்போதும் எதிரே இருக்கிறார். திறமையைக் கண்டறிதல், அதற்கேற்ற சவாலைத் தருதல், வழிகாட்டுதல் என்ற மூன்றும் அங்கே ஒன்றாக நடக்கின்றன. கணிதத்திலும் அறிவியலிலும் மொழியிலும் இசையிலும் இதே ஏற்பாடு கிடைத்தால், அந்தத் துறைகளிலும் இப்படிப்பட்ட அறுவடையை எதிர்பார்க்க முழு நியாயம் உண்டு.

அப்படியானால் திறமையான பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் சேர்த்துவிடலாமே என்று கேட்கலாம். தமிழக அரசு 2021-க்குப் பிறகு மாவட்டந்தோறும் உருவாக்கிய மாதிரிப் பள்ளிகள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளை உயர்கல்வி நிறுவனங்களுக்கு அனுப்புவதில் நம்பிக்கை தந்திருக்கின்றன. அவை தொடரட்டும். ஆனால், மாவட்டத்துக்கு ஓர் உறைவிடப் பள்ளியால் தொட முடிகிறவர்கள் மிகச் சிலர். அதுவும் 9-ஆம் வகுப்பிலிருந்துதான். சிங்கப்பூரின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. 1984 முதல் அந்நாடு மூன்றாம் வகுப்பின் முடிவில் ஏறத்தாழ ஒரு சதவீதப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட சில தொடக்கப் பள்ளிகளில் தனியே கற்பித்துவந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில், அந்த முறையை மாற்றி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் மீத்திறன் பிள்ளைகளுக்கான பாடத்தை அமைக்கப்போவதாக அறிவித்தது. இதனால் பயன்பெறுவோர் பல மடங்கு கூடுவார்கள். தனியே பிரிக்காமலும் வளர்க்க முடியும். புடாபெஸ்டில், பின்னாளில் பெரும் கணித மேதையான சிறுவன் ஜான் வான் நாய்மனின் ஆற்றலைக் கண்ட ஆசிரியர் லாஸ்லோ ராட்ஸ், அவனைப் பள்ளியிலிருந்து பிரிக்கவில்லை. வகுப்பில் வயதொத்த தோழர்களோடு இருக்கவிட்டு, கணிதத்தை மட்டும் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் கற்க ஏற்பாடு செய்தார். முன்னேறியிருக்கும் பாடத்தில் மட்டும் முன்னே அனுப்புவது, மற்றதில் தோழமையைக் காப்பது என்ற அந்த வழிதான் நம் பள்ளிகளுக்கும் ஏற்றது.

இதனால் வகுப்பில் மீதமுள்ள பிள்ளைகள் பாதிக்கப்படுவார்களா? பிராவர்டில் கார்டும் ஜூலியானோவும் நடத்திய மற்றோர் ஆய்வில், உயர்நிலைப் பாடம் தந்த தனி வகுப்பில் இடம்பெற்ற கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் கற்றல் பெரிதும் உயர்ந்தது. மற்ற வகுப்புகளில் இருந்தவர்களிடம் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை. பிஞ்சுகளுக்கு மன அழுத்தம் வராதா என்ற கவலைக்கும் விடை இருக்கிறது. ஸ்டான்லியின் ஆய்வில் இடம்பெற்று, பாடத்தில் விரைவாக முன்னேற அனுமதிக்கப்பட்டவர்களை 35 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, 50 வயதில் அவர்களுடைய மனநலத்தில் அதனால் எந்தக் குறையும் நேரவில்லை என்று காட்டியது. மன அழுத்தம் பிறப்பது கடினமான பாடத்தால் அல்ல. தரவரிசையாலும் விளம்பரப் பதாகையாலும் பெற்றோரின் எதிர்பார்ப்பாலும்தான். நம் ஊரில் உண்மையான ஆபத்து இதுதான். மூன்றாம் வகுப்பில் ஒரு சோதனை வருகிறது என்றால் மறுமாதமே அதற்கொரு பயிற்சி மையம் முளைக்கும். ஆகவே அந்தச் சோதனைக்குப் பணப் பரிசோ சான்றிதழோ பட்டியலோ இருக்கக் கூடாது. எந்த நாளில் நடக்கிறது என்ற அறிவிப்புகூட வேண்டாம். 3, 5, 7-ஆம் வகுப்புகளில் திரும்பத் திரும்ப நடத்தி, ஒரு முறை தவறியவருக்கு மறு வாய்ப்பு தர வேண்டும். பெறுவது கூடுதல் பாடம் மட்டுமே என்றால், பயிற்சி மையத்துக்கு விற்க ஒன்றும் இருக்காது.

ஆசிரியர்களின் பணிச்சுமை என்ற எதிர்ப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. 'எமிஸ்' என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவேற்றத்திலேயே பாதி நாள் போகிறது என்று அவர்கள் வருந்துவது உண்மை. அந்தப் பதிவேற்றச் சுமையைக் குறைக்காமல் இன்னொரு திட்டத்தைத் தலையில் ஏற்றினால் அது காகிதத்தில்தான் நடக்கும். ஆனால், நிலைக்கேற்ற கற்பித்தல் நம் ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. 2007 முதல் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் நடந்த செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறியது. இப்போதைய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளை வைத்திருக்கிறது. வயது ஒன்றானாலும் நிலை வேறு என்பதை ஏற்றுக்கொண்ட துறை, கீழ்நோக்கி வகுத்த நிலைகளை மேல்நோக்கியும் வகுத்தால் போதும். மலருக்கு மேலும் ஒரு படி வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் நடத்தும் சிற்றூர்ப் பள்ளிகளில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கு நேரத்தில் மட்டும் ஐந்தாம் வகுப்போடு அமர்வது இன்றைக்கே முடியும். அதற்கு அனுமதி இருக்கிறது என்று துறை ஒரு சுற்றறிக்கையில் சொன்னால், பல ஆசிரியர்களின் தயக்கம் நீங்கும்.

பணமும் பெரிய தடையல்ல. ஹங்கேரியில் 1894-இல் ஒரு பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்காகக் கணித மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். மாதந்தோறும் கடினமான கணக்குகள் வெளியாகும். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் மாணவர்கள் விடையை அஞ்சலில் அனுப்புவார்கள். சிறந்த தீர்வுகள் அனுப்பியவரின் பெயரோடு அச்சாகும். பின்னாளில் ராட்ஸ் அதன் ஆசிரியராக இருந்தார். அந்நாட்டுக் கணிதத்தின் எழுச்சியில் அந்த மெல்லிய இதழுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் மாணவர்களுக்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களை வெளியிடுகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. 'தேன்சிட்டு' இதழில் நான்கு பக்கத்தைக் கடினமான கணக்குக்கும் அறிவியல் புதிருக்கும் மொழி விளையாட்டுக்கும் ஒதுக்கி, விடை அனுப்புகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பதில் எழுதினால், ஒரு மாநிலம் தழுவிய தேடலும் கற்பித்தலும் ஒரே நேரத்தில் நடக்கும்.

செய்ய வேண்டியவை இவைதான். 3, 5, 7-ஆம் வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும், தமிழில், மனப்பாடத்துக்கு இடமில்லாத சிந்தனைச் சோதனை; அதில் ஒவ்வொரு பள்ளியிலும் முன்னே நிற்பவர்களுக்கு வகுப்புக்கு மேற்பட்ட பாடம். பாடவாரியாக மேல் வகுப்பில் அமர ஆசிரியருக்கு அதிகாரம். மாநிலத்தின் 400-க்கும் மேற்பட்ட வட்டார வள மையங்களில் சனிக்கிழமைதோறும் கணித, அறிவியல், மொழி வட்டங்கள். பக்கத்துக் கல்லூரிகளின் ஆசிரியர்களும் முதுநிலை மாணவர்களும் அவற்றை நடத்தலாம். பிள்ளைகள் வந்துபோகப் பேருந்துச் செலவும் மதிய உணவும் தந்தால்தான் ஏழைப் பிள்ளைகள் வருவார்கள் என்பதையும் திட்டத்திலேயே எழுத வேண்டும். பி.எட். பாடத்தில் மெல்லக் கற்போரைக் கையாளும் பயிற்சிக்கு இணையாக, மீத்திறன் பிள்ளைகளைக் கண்டறிவதற்கும் கற்பிப்பதற்கும் பயிற்சி வேண்டும். உதவித்தொகைத் திட்டங்களில் வென்றவர்களுக்குப் பணத்தோடு ஒரு வழிகாட்டியையும் தர வேண்டும். நிறுத்திவைத்த தேசியத் திறனறித் தேர்வை என்ன செய்யப்போகிறோம் என்பதை மத்திய அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும்.

இவற்றோடு ஆய்வுக் கூட்டங்களில் ஒரு கேள்வியும் சேர வேண்டும். எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கும் அதே மேசையில், முன்னே இருந்த பிள்ளைகள் இந்த ஆண்டில் எவ்வளவு தூரம் சென்றார்கள் என்றும் கேட்க வேண்டும். எது கணக்கில் வருகிறதோ அதற்குத்தான் பள்ளியில் நேரம் கிடைக்கும். பின்தங்கியவரைக் கைதூக்கி விடுவதும் முன்னே செல்பவருக்கு வழி திறப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியானவை அல்ல. ஒவ்வொரு பிள்ளையும் நேற்று அறியாததை இன்று கற்க வேண்டும் என்ற ஒரே கடமையின் இரண்டு பகுதிகள் அவை. முதல் பகுதியை ஏற்றுக்கொண்டு நாட்டுக்கு வழிகாட்டிய தமிழகம், இரண்டாம் பகுதியையும் ஏற்க வேண்டும். அடுத்த கல்வியாண்டிலேயே ஒரு மாவட்டத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். அதற்குத் தேவையான பள்ளிகளும் ஆசிரியர்களும் இதழ்களும் வள மையங்களும் நம்மிடம் இருக்கின்றன. அரசு முடிவெடுக்க வேண்டியதுதான் பாக்கி.